நாய்க்கும் பிரம்பு உண்டா டீச்சர்?



போன வாரம் நான் போட்ட படத்துக்கு இவ்வளவு பேர் கருத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு ரிப்பன், இடது காலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பொடி நாய். அதற்கு வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "இந்த வயசுல இது தேவையா மைனி?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. முட்டுவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறேன். அவ்வளவுதான் அந்தக் கேள்விக்குப் பதில்.

இன்னொரு கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. துபாயில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார்: "டீச்சர், எங்களுக்குக் குடுத்த பிரம்பு நாய்க்கும் உண்டா?" அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. அதற்கும் கீழே இன்னொருவர்: "அந்த அடிதான் டீச்சர் எங்களை ஆளாக்குச்சு." அதற்குக் கும்பிடும் கைகள்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். உண்டு. ஒரே ஒரு நாள். கும்பிட்டதற்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். நேரம் இருக்கிறவர்கள் ஒரு காபியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இவன் என்னிடம் வந்த கதை உங்களில் பலர் வீட்டுக் கதைதான். மகன் பெங்களூரில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கினான். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், "அம்மா, ஒரு ஆறு மாசம்" என்று உவரியில் கொண்டுவந்து விட்டான். ஆறு மாதம் நாலு வருஷம் ஆகிவிட்டது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற ஜாதி. ஆறு கிலோ எடை. மகன் வைத்த பெயர் ரோஜர், நான் கூப்பிடுவது பட்டாணி. கடற்கரையில் வலை காயப்போடுகிறவர்கள் முதல் வாரம், "என்ன டீச்சர், நாய்க்குட்டி எப்ப வளரும்?" என்று கேட்டார்கள். அது வளர்ந்து முடிந்த நாய்.

டெரியர் என்ற சொல்லிலேயே மண் இருக்கிறது. லத்தீனில் 'டெர்ரா' என்றால் நிலம். வளைக்குள் புகுந்து நரியையும் பெருச்சாளியையும் வெளியே விரட்டுவதற்காக இங்கிலாந்தில் வளர்த்த நாய்கள் இவை. ஜாக் ரஸ்ஸல் என்பது ஒரு பாதிரியாரின் பெயர், ஜான் ரஸ்ஸல். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது 1819-இல் ஒரு பால்காரரிடமிருந்து 'ட்ரம்ப்' என்ற பெட்டை நாயை வாங்கி, அதிலிருந்து இந்த வம்சத்தை உண்டாக்கினார் என்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு வேறு விதமாகச் சொன்னால் எளிதில் புரியும். எச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்குமே ஒரு நாய், அதுவும் டெரியர் வகைதான். 1884-இல் பிரிஸ்டலில் பிறந்தது, பெயர் நிப்பர். அந்தப் படத்தைப் பார்த்து இது சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஆட்டுக்கிடை காக்கும் நாய் மனிதன் முகத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். டெரியரின் வேலை அப்படியல்ல. இருட்டு வளைக்குள் போன பிறகு எஜமானைப் பார்க்கவும் முடியாது, அவர் சொல்வது கேட்கவும் கேட்காது. தானே முடிவெடுக்கும் நாய்தான் பிழைத்துத் திரும்பும். இருநூறு வருஷமாகச் 'சொல்லாமல் செய்' என்று வளர்த்துவிட்டு, இப்போது 'சொன்னதை மட்டும் செய்' என்றால் அது நம்மை ஒரு மாதிரிதான் பார்க்கும். ஸ்டான்லி கோரன் என்ற கனடா நாட்டு உளவியல் பேராசிரியர், கீழ்ப்படிதல் போட்டி நடுவர்கள் 199 பேரிடம் கேட்டு, எந்த ஜாதி சீக்கிரம் கற்கிறது என்று 1994-இல் ஒரு புத்தகத்தில் வரிசை போட்டார். முதல் இடம் பார்டர் காலி, அடுத்தது பூடில், மூன்றாவது ஜெர்மன் ஷெப்பர்டு. முதல் மூன்றில் ஒரு டெரியர் இல்லை. எனக்கு அந்த வரிசையில் பெரிய நம்பிக்கை இல்லை. கடைசி பெஞ்சு என்று நாம் ஒதுக்கியவர்களில் எத்தனை பேர் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள்!

போட்டி என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு. அழகுப் போட்டி இல்லை இது. நாயின் முடி, வால், பல் எதையும் பார்க்கமாட்டார்கள். நாய் நம் இடது காலோடு ஒட்டி நடக்க வேண்டும். முதலில் வாரோடு, பிறகு வார் இல்லாமல். நாம் நின்றால் உடனே அதுவும் உட்கார வேண்டும். யாரோ ஒருவர் வந்து உடம்பைத் தொட்டுப் பார்க்கும்போது அசையாமல் நிற்க வேண்டும். தூரத்தில் இருந்து கூப்பிட்டால் நேராக வந்து முன்னால் உட்கார வேண்டும். மற்ற நாய்களோடு வரிசையாக உட்காரவும் படுக்கவும் வைத்துவிட்டு நாம் தள்ளிப்போய் நிற்போம். குறித்த நேரம் வரை அப்படியே இருக்க வேண்டும். மேல் வகுப்புக்குப் போனால் கட்டையைக் கவ்விக் கொண்டுவருவது, தாண்டுவது, மோப்பம் பிடித்து நம் பொருளைப் பிரித்தெடுப்பது என்று கூடிக்கொண்டே போகும். அமெரிக்க முறையில் மொத்தம் 200 மதிப்பெண், தேற 170 வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். நம் பரீட்சைக்கு நேர் எதிராக, உள்ளே போகும்போது எல்லாருக்கும் முழு மதிப்பெண், தப்புக்குத் தப்பு கழித்துக்கொண்டே வருவார்கள். நம் நாட்டில் இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் தலைமை, 1896-இல் தொடங்கிய கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அதன் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.

இந்தப் போட்டியை அமெரிக்காவில் ஆரம்பித்தது ஒரு பெண்மணி என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். அவர் வளர்த்தது பூடில். சும்மா சிங்காரித்து வைக்கிற பொம்மை நாய் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். இதற்கும் மூளை உண்டு என்று காட்ட, 1933 அக்டோபரில் நியூயார்க் பக்கம் மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் 8 நாய்களை வைத்து முதல் போட்டியை நடத்தினார். 1936-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் அவரும் பிளான்ச் சாண்டர்ஸ் என்ற இன்னொரு பெண்மணியும் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, மூன்று பூடில்களோடு 10,000 மைல் சுற்றி ஊர் ஊராகச் செய்துகாட்டினார்கள். 1937-இல் இரண்டு பெண்கள், ஆண் துணை இல்லாமல்! "இந்த வயசுல தேவையா" என்ற கேள்வி அவர்கள் ஊரிலும் இருந்திருக்கும்.

"நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் இருக்க, வெள்ளைக்கார நாய் எதுக்கு?" என்று ஒரு தம்பி கோபப்பட்டிருந்தார். நியாயமான கோபம். 2005-இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தபோது வகுப்பில் காட்டி மகிழ்ந்தவள் நான். என்ன செய்ய, எனக்கு இதுதான் வந்து சேர்ந்தது. எந்தப் பிள்ளை நம் வகுப்புக்கு வர வேண்டும் என்று ஆசிரியர் தேர்ந்தெடுப்பதில்லையே.

இனி அந்த ஒரு நாள்.

பட்டாணி வந்த புதிதில் வீட்டுக் கோழிகள் இரண்டை முடித்துவிட்டான். தெருவில் சண்டை. ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "இழுத்தா கழுத்த நெரிக்கிற சங்கிலி போடுங்க டீச்சர். ஒரு சுண்டு சுண்டுனா படிஞ்சுரும்" என்றார். அவர் கற்ற முறை அது. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய புத்தகத்திலிருந்து உலகத்துப் பட்டாளங்களும் போலீசும் பல காலம் கடைப்பிடித்த முறை. எனக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. வேண்டியது சங்கிலி, இன்னொரு கையில் சின்னதாக ஒரு கம்பு. 36 வருஷம் பழகிய கைதானே.

'உட்கார்' என்றேன். உட்காரவில்லை. சுண்டினேன். கத்தினான். திரும்பச் சொன்னேன். உட்காரவில்லை. கம்பால் பின்பக்கம் ஒரு தட்டு. உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஒரே பெருமை, பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்ததே என்று.

மறுநாள் காலை சங்கிலியை எடுத்தேன். ஆளைக் காணவில்லை. தேடினால் கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறான். குனிந்து பார்த்தேன். நேராக என்னைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் என் கையை மட்டும் பார்த்தான். முகத்தை அல்ல, கையை.

மக்களே, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்கும்போது வரிசையாக எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள், கையைத்தான் பார்ப்பீர்கள். அப்போது அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து சாப்பிட மட்டும்தான் வெளியே வந்தான். சங்கிலியை எடுத்துப் பரணில் போட்டேன். கம்பு துணி காயப்போடப் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாய் எப்படிக் கற்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியலில் முதல் படமே பாவ்லோவின் நாய்தானே. மணி அடித்தால் உமிழ்நீர். ஆக்கநிலையிறுத்தம். பத்து மார்க் கேள்வி, படத்தோடு எழுதினால் முழு மதிப்பெண். தோர்ண்டைக்கின் பூனை, முயன்று தவறிக் கற்றல், விளைவு விதி. ஸ்கின்னரின் எலி, வலுவூட்டல். எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். தோர்ண்டைக்கே 1930-களில் தன் விளைவு விதியைத் திருத்தினார். பரிசு கற்றலை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை தப்பை அழிப்பதில்லை என்று தன் சோதனைகளிலேயே கண்டு சொன்னார். அதையும் எழுதி மார்க் வாங்கினோம். வாங்கிவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மூத்த ஆசிரியை ஒருவர் கையில் பிரம்பைக் கொடுத்து, "இது இல்லாம இந்தப் பிள்ளைகளை ஆள முடியாது" என்றார். இரண்டு வருஷப் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் கொடுத்திருப்பார்கள்.

பரணில் சங்கிலியைப் போட்ட பிறகு பழைய பாடத்தைத் திரும்பப் படித்தேன், போனில் தேடி. ஸ்கின்னர் 1951-இல் விலங்குகளுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும், சத்தம் கேட்டால் தீனி வரும் என்று நாய் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் விளையாடும் 'கிரிக்கெட்' என்ற கிளிக்கு பொம்மை போதும் என்கிறார். என்னிடம் அந்தப் பொம்மை இல்லை. அமுக்குகிற பால்பாயிண்ட் பேனா இருந்தது. டிக். சிவப்பு மை பேனா. எத்தனையோ நோட்டுகளில் தப்பு போட்ட பேனா, இப்போது 'சரி' என்று சொல்ல மட்டும் பயன்படுகிறது.

தீனிக்கு உவரியில் பஞ்சமா? முதலில் நெத்திலிக் கருவாடு கொடுத்தேன். அதில் உள்ள உப்பு நாய்க்கு ஆகாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். இப்போது சாளையை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, சுண்டுவிரல் நகம் அளவு பிய்த்து வைத்துக்கொள்கிறேன். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் கற்றுக்கொடுத்தால் அவனுக்குச் சலிப்பு, எனக்குக் கோபம். ஆறு வயதுப் பிள்ளையை 40 நிமிஷம் அசையாமல் உட்காரச் சொன்னோமே என்று அப்போது தோன்றியது. அசைந்ததற்கு அடித்தும் இருக்கிறோம்.

'உட்கார்' நாலு நாளில் வந்தது. 'இரு' மூன்று மாதம் எடுத்தது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வரும்போது, கூட்டத்தின் ஓரமாகத் தள்ளி நின்று பழக்கினேன். பஜ்ஜி வாசனை, குழந்தைகள், பலூன், வேன் ஹாரன் எல்லாம் இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டால் எந்தப் போட்டியிலும் உட்கார்ந்திருப்பான் என்பது என் கணக்கு.

எல்லாவற்றிலும் கடினம், 'வா'. கூப்பிட்டால் வருவது. இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தப் பாடம்தான்.

நாய் பழக்குகிறவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே விதி உண்டென்றால் இதுதான்: வந்த நாயை அடிக்காதே. அது ஓடிப்போயிருக்கலாம், கோழியைக் கொன்றிருக்கலாம், நாம் இருபது நிமிஷம் வெயிலில் தொண்டை கிழியக் கத்தியிருக்கலாம். கடைசியில் அது நம்மிடம் வந்துவிட்டால் அந்த நேரத்தில் திட்டக்கூடக் கூடாது. ஏனென்றால் நாய்க்கு 'ஓடிப்போனதற்காக அடி' என்று புரியாது. அது கடைசியாகச் செய்தது வந்ததுதான். வந்ததற்குத்தான் அடி என்று கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை வராது.

இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்று ஒரு நாய் இருந்தது. யார்க்‌ஷயர் டெரியர், நம் பட்டாணியில் மூன்றில் ஒரு பங்கு எடை, இரண்டு கிலோகூட இல்லை. 1944-இல் நியூகினி காட்டில் ஒரு பதுங்கு குழியில் கிடைத்ததை, பில் வைன் என்ற அமெரிக்க வீரர் இரண்டு ஆஸ்திரேலிய பவுன் கொடுத்து வாங்கி, ஓய்வு நேரத்தில் பழக்கினார். பிலிப்பைன்சில் லிங்காயென் விமானத்தளத்தில் ஓடுபாதைக்கு அடியில் தந்திக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. தோண்டினால் மூன்று நாள் ஆகும், விமானங்கள் நிற்க வேண்டும், எதிரி குண்டு போடுவான். அங்கே 70 அடி நீளத்தில், 8 அங்குல அகலத்தில் ஒரு குழாய் இருந்தது, பாதி மண் மூடி. ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டையில் கம்பியைக் கட்டிவிட்டு, வைன் மறுபக்கம் போய்க் குனிந்து கூப்பிட்டார். வந்துவிட்டது. அந்த இருட்டுக் குழாயில் அது வந்ததற்குக் காரணம், கூப்பிடுகிற அந்த மனிதரிடம் போனால் நல்லதுதான் நடக்கும் என்று அதற்குத் தெரியும் என்பதுதான்.

இப்போது பள்ளிக்கூட வாசலுக்கு வாருங்கள்.

காலைப் பிரார்த்தனை முடிந்த பிறகு வருகிறவர்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு, உள்ளங்கையில். அதுதான் முறை. நான் வேலை பார்த்த எல்லாப் பள்ளியிலும் அதுதான். வாரத்தில் இரண்டு நாள் அந்த வேலை என்னுடையது. நன்றாகவே செய்தேன். உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள்.

தாமதமாக வந்தவன் யார்? விடியக்காலையில் கரைக்கு வந்த அப்பாவின் படகிலிருந்து மீன் கூடை சுமந்துவிட்டு, உப்புத் தண்ணீர் காயாத கால்சட்டையோடு ஓடிவந்தவன். தம்பி தங்கையைக் குளிப்பாட்டி விட்டுவிட்டு வந்தவள். பதநீர்க் காலத்தில் விளையிலிருந்து வந்தவன். அவர்களுக்கு வராமல் இருக்கவும் வழி இருந்தது. வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் வந்தார்கள். வந்ததற்கு அடித்தோம். வராதவனுக்கு அன்றைக்கு அடி இல்லை!

ஒரு பையன். பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு. ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதம், மூன்று நாளும் என் முறை. நாலாம் நாள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. ஆள் அனுப்பினேன். "கடலுக்குப் போறான் டீச்சர்" என்று பதில் வந்தது. பதிவேட்டில் நீண்ட நாள் வராதவர் என்று எழுதி, பிறகு பெயரை நீக்கினோம். எனக்கு அன்று பெரிய வருத்தம்கூட இல்லை. கடற்கரைப் பிள்ளைகள் இப்படித்தான் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும் கடற்கரைப் பிள்ளைதான் என்பதை மறந்துவிட்டுப் பேசினேன்.

அவருக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். சொந்தமாக பைபர் படகு வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு சாயங்காலம் கரையில் பட்டாணியை 'வா' பழக்கிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு நண்டு வளையைத் தோண்டிக்கொண்டிருந்தான், டெரியர் அல்லவா. கூப்பிடுகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் மண்ணெண்ணெய் கேனை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில், மூக்கெல்லாம் மண்ணோடு அவன் வந்தான். பேனாவை அமுக்கி, மீன் துண்டைக் கொடுத்து, தட்டிக் கொடுத்தேன்.

"இவ்வளவு நேரம் கழிச்சு வருது. அதுக்கு எதுக்கு டீச்சர் தீனி?" என்றார்.

"வந்துட்டான்லா. இப்ப திட்டுனா நாளைக்கு வரமாட்டான்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி டீச்சர்" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு டீச்சர், காபி குடிங்க" என்றார். மறக்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மகள் இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். அது என் பெருமை இல்லை, அவருடையது.

ஆகவே, "அடிதான் எங்களை ஆளாக்குச்சு" என்று எழுதிய அன்புத் தம்பிக்கு: நீ கும்பிட்டது உன் நல்ல மனசு. ஆனால் நீ ஆளானது அடியால் இல்லை. உன் அம்மா பீடி சுற்றிய காசால், உன் தலையில் இருந்த மூளையால், நீ விடாமல் வந்ததால். அடியையும் தாண்டி வந்தவர்கள்தான் இந்தப் பக்கத்தில் என்னைப் பின்தொடர்கிறீர்கள். அடியால் நின்றுபோனவர்கள் இங்கே கருத்து எழுத வரமாட்டார்கள். தேறியவர்களை மட்டும் எண்ணி மருந்து நல்லது என்று சொல்லக்கூடாது, இது கணக்கு டீச்சராகச் சொல்கிறேன்.

"பிள்ளைகளை நாயோடு ஒப்பிடுவதா?" என்று சிலர் கேட்கலாம். ஒப்பிடவில்லை. போட்டி வளையத்தில் நாய் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும். பிள்ளை அப்படி இருக்கக் கூடாது. ஏன், எதற்கு என்று கேட்பதற்குத்தான் பள்ளிக்கூடம். பேசத் தெரியாத, பேச்சு முழுதும் புரியாத, சொல்பேச்சு கேட்காமல் இருப்பதற்கென்றே வளர்த்த ஒரு பிராணிக்கே அடி தேவைப்படவில்லை. மொழி இருக்கிற பிள்ளைக்கு, 'ஏன்டா நேரமாச்சு?' என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு, எதற்குத் தேவைப்பட்டது? நான் ஒரு நாள்கூட அந்தக் கேள்வியைப் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை. கையை நீட்டச் சொல்வதற்கு முன்னால் சொல்கிற வாசகம் அது, அவ்வளவுதான்.

இன்னொரு பேச்சும் நம் ஜில்லாவில் அடிக்கடி கேட்கிறது: பிரம்பைப் பிடுங்கியதால்தான் பிள்ளைகள் அரிவாள் எடுக்கிறார்கள் என்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது உண்மை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கையில் அரிவாளைக் கொடுத்தது பிரம்பு இல்லாத வகுப்பறையா, வீட்டிலும் தெருவிலும் ஊட்டிய ஜாதியா? நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அரசுக்குக் கொடுத்த அறிக்கை கைக்கயிற்றைப் பற்றியும் பள்ளிப் பெயரில் இருக்கும் ஜாதியைப் பற்றியும் பேசியது. அடித்து வளர்த்த தலைமுறையில் ஜாதிச் சண்டை இல்லாமலா இருந்தது? என் வயதுக்காரர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

இன்று வேலையில் இருக்கிற ஆசிரியர்கள் பாடும் எனக்குத் தெரியும். ஐம்பது பிள்ளைகள், ஆன்லைன் பதிவுகள், கையில் ஒன்றும் இல்லை என்கிற பயம். எனக்கு ஒரு நாயும் கை நிறைய நேரமும் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அதனால் அவர்களுக்கு உபதேசம் செய்ய வரவில்லை. பிரம்பைத் திரும்பக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். வகுப்புக்கு இன்னொரு ஆசிரியர் இருந்திருந்தால் நானே பாதி நாள் கை ஓங்கியிருக்கமாட்டேன்.

போட்டிக் கதையைச் சொல்லாமல் விட்டால் பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள். முதல் தடவை படுதோல்வி. வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம். ஒரு நிமிஷம் இருந்தான். பிறகு எழுந்து, சோம்பல் முறித்து, பக்கத்தில் படுத்திருந்த லாப்ரடாரிடம் போய் நலம் விசாரித்து, அதன் காதைக் கடித்தான். லாப்ரடாரும் எழுந்துவிட்டது. இரண்டு பேரும் வெளியே. அந்த லாப்ரடார்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. காருக்குத் திரும்பியதும் பட்டாணி பின்சீட்டில் ஏறி என் முகத்தைப் பார்த்தான். முகத்தைத்தான், கையை இல்லை. அன்று ரிப்பன் இல்லாததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாவது தடவை, போன மாதம் திருவனந்தபுரத்தில். அண்ணன் மகன் காரில் கூட்டிப்போனான். நான் தமிழில் 'இரு', 'வா' என்று சொன்னதைக் கேட்டு நடுவர் அம்மா சிரித்தார். காலோடு நடப்பதில் கொஞ்சம் முந்தினான், மதிப்பெண் போயிற்று. உட்காருவது கோணல், போயிற்று. கூப்பிட்டபோது பாதி வழியில் நின்று மேலே பறந்த ஒரு காக்காயைப் பார்த்தான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டால் தோல்வி, வாயைத் திறக்க முடியாது. நின்றேன். வந்துவிட்டான். தேறிவிட்டோம். நாலு பேர் கலந்துகொண்டதில் மூன்றாம் இடம். படத்தில் நீங்கள் பார்த்த ரிப்பன் அதுதான். "ஸ்டேட் பர்ஸ்ட் டீச்சர்!" என்று எழுதியிருந்த பிள்ளை தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாங்க. சாயங்காலம் ஐந்தரைக்குக் கப்பல் மாதா கோயில் பக்கம் கரையில் இருப்போம். வாசலில் அடி வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள், பெயரும் வகுப்பும் சேர்த்து. எனக்குப் பாதிப் பேர் முகம் மறந்துவிட்டது, நேரில் கேட்க வேண்டியது இருக்கிறது. பட்டாணிக்கு எதுவும் வாங்கிவர வேண்டாம். கருவாடும் மிக்சரும் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், கேட்டு அழுவான், நம்பாதீர்கள்.